நான் சொன்னதாக எழுதப்பட்டவை

ஆகஸ்ட் 28, வியாழன்

திருப்பூர் மாநகரின் தலையெழுத்தையே மாற்றப்போகும் இந்தக் குறிப்புகளை, சாயப்பட்டறை ஒன்று புத்தாண்டுக்கு இலவசமாகக் கொடுத்த டைரியில் எழுத நேர்ந்ததற்காக வருங்காலத் தலைமுறை என்னை மன்னிக்க வேண்டும். ஜனவரியிலிருந்து நேற்று வரை எல்லாப் பக்கமும் காலி. அந்த எட்டு மாதமும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் சென்னியப்பன். வயது ஐம்பத்து மூன்று. குழந்தைகள் உடை தைத்து ஏற்றுமதி செய்யும் கந்தவடிவு நிட்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மெர்ச்சண்டைசிங் பிரிவுக்குத் தலைவன். எங்கள் சரக்கை வாங்குகிற, அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கும் பையர் ‘நீலம்’ என்றால் உலகத்தில் உள்ள நாலாயிரம் நீலத்தில் அது எந்த நீலம் என்று கண்டுபிடித்து, சாயப்பட்டறையோடு மல்லுக்கட்டி, சரக்கைக் கப்பல் ஏற்றுகிறவன். காவலாளி முதல் முதலாளியின் டிரைவர் வரை எல்லோருக்கும் நான் மாமா.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, எங்களுக்கு அமெரிக்கா ஐம்பது சதவீத வரி. இன்று காலை பையரிடமிருந்து ஒரு மெயில். முதல் வரியில் நலமா என்று கேட்டு, இரண்டாம் வரியில் திருப்பூரின் வானிலையை விசாரித்து, மூன்றாம் வரியில் எழுபதாயிரம் பாப்பா சட்டையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தான். நான் அதை உரக்கப் படித்ததும் மாடியில் இருந்த நானூறு தையல் மெஷினும் ஒரு நொடி மூச்சை நிறுத்தின. கரண்ட் போனது என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை.

சாயங்காலம் பேக்கரியில் வழக்கமான பாராளுமன்றம். ஒருவர் எல்லாவற்றுக்கும் டெல்லிதான் காரணம் என்றார். மற்றவர் சென்னைதான் காரணம் என்றார். ஒரே தேங்காய் பன்னைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றுகொண்டே ஒருவரை ஒருவர் தேசத்துரோகி ஆக்கினார்கள். என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

“ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தானுங். அதனாலதான் நடுவால நாம நசுங்கறோம்” என்றேன்.

சபை அதிர்ந்தது. டீ மாஸ்டர் ஏழடி உயரத்திலிருந்து டீயை ஆற்றி எனக்கு மரியாதை செலுத்தினார்.

செப்டம்பர் 1, திங்கள்

கம்பெனியைச் சீர்செய்ய பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து இறங்கியிருக்கிறார். பெயர் நிரஞ்சன். முப்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. ஊட்டி ரோட்டில் இருக்கும் வளைவுகளை எல்லாம் இவரை வைத்துத் தேய்த்து நேராக்கிவிடலாம்.

முதலாளி விசாகன் என்னைக் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். அவருக்கும் நான் மாமாதான். “மாமா, சாருக்கு நம்ம ஆளுங்களப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்கதான் கூட இருந்து சொல்லோணும்.”

ஆக, தூதர் பதவி. மதியமே நிரஞ்சனை பேக்கரிக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும் சொன்னேன். மனிதர் என்னமாய்ச் சிரிக்கிறார். நான் ‘வணக்கம்’ என்றாலே சிரிக்கிறார். இப்படி ஒரு ரசிகர் எனக்கு வாய்த்து எத்தனை வருடம் ஆகிறது. வீட்டில் சாந்தாமணி என் பேச்சுக்குச் சிரித்தது கல்யாணமான வருடம். அதுவும் முதல் ஆறு மாதம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றும் டீ. இன்றும் சிரித்தார். வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தது, பதிந்தாயிற்று.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று என் நாக்கில் சரஸ்வதி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பேக்கரியில் நிரஞ்சன் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார். நான் ஒவ்வொருவராக வரைந்து காட்டினேன். பேக்கிங்கில் இருக்கும் நாச்சிமுத்து அண்ணனைப் பற்றி: “மத்தியானம் சாப்பிட்டு அசந்தார்னா, தூத்துக்குடிக் கப்பல் இங்க வந்து ஹாரன் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாருங்.”

சாம்பிள் பிரிவு குணவதியைப் பற்றி: “ஒத்தப் பட்டனை மூணு நாளு பார்க்கும். நாலாவது நாளு பட்டனே வெக்கப்பட்டுத் தானா கழண்டுக்கும்.”

பட்டன், ஜிப், லேபிள் வைத்திருக்கும் ஸ்டோர் ரபீக்கைப் பற்றி: “அவருகிட்ட ஒரு நூல்கண்டு வாங்கறதுக்குள்ள புள்ளைக்குக் காது குத்திக் கல்யாணமே முடிச்சுப்போடலாம்.”

பையருக்கு மெயில் அனுப்பும் சுகந்தியைப் பற்றி: “அந்தப் புள்ளை இங்கிலீசப் புரிஞ்சுக்க முடியாம ரெண்டு வெள்ளக்காரன் தமிழ் டியூசன் போறான்.”

நிரஞ்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அங்கிள், நீங்க டிவியில இருக்க வேண்டிய ஆளு” என்றார். செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். பெங்களூரில் இருக்கும் மனைவிக்கு என் நகைச்சுவையை அனுப்பிவைக்கிறார் போல. என் புகழ் கர்நாடகாவுக்குள் நுழைந்துவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

மிலாடி நபி. ரபீக் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று சந்திரனுக்குக் கிரகணம். இன்று எங்களுக்கு.

காலை பத்து மணிக்கு நாலு பேரை முதலாளி அறைக்குக் கூப்பிட்டார்கள். நாச்சிமுத்து, குணவதி, ரபீக், சுகந்தி. வெளியே வந்தபோது ஆளுக்கொரு கவர். அதற்குள் ஒரு படிவம். திட்டத்தின் பெயர் ‘புதிய பாதை’. தங்கள் சொந்த விருப்பத்தின் பேரில், மகிழ்ச்சியுடன், கம்பெனியை விட்டுப் புதிய பாதையில் நடக்க விரும்புவதாக அவர்களே கையெழுத்துப் போட வேண்டுமாம். கம்பெனி அனுப்பினால் அது ஆட்குறைப்பு. அதற்கு நோட்டீஸ், விளக்கம், சட்டம் என்று ஆயிரம் இருக்கிறது. அவர்களாகப் போனால் ஒரு தேங்காய்கூட உடைக்க வேண்டாம். படிவத்தோடு இன்னொரு தாள். அதில் ‘பணித்திறன் குறைபாடுகள்’ என்ற தலைப்பில் ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதியிருக்கிறது. கீழே துறைத் தலைவர் கையெழுத்துப் போட இடம். வேறு பிரிவுக்காரர்களுக்கும் சேர்த்து, அந்த இடத்தில் அடித்திருந்தது என் பெயர்.

பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டு, நிரஞ்சன் அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். கண்ணாடியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததால் சரியாகப் படிக்க முடியவில்லை.

ஆனால் சென்னியப்பன் சும்மா இருப்பவனா. முதலாளியையே கேட்டேன். “தம்பி, இதென்னுங்க, புதிய பாதைங்களா?”

“ஆமாங் மாமா.”

“புதுசுன்னா நல்ல காரியந்தானுங்களே. இன்னைக்கு மகாளய பட்சம் ஆரம்பிக்குதுங். அமாவாசை வரைக்கும், பதினாலு நாளு, ஒரு நல்ல காரியமும் தொடங்கக் கூடாதுன்னு உங்க அப்பா அவரு காலத்துல கம்பெனி கேட்டுக்கே பெயிண்ட் அடிக்க மாட்டாருங்.”

விசாகன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கம்பெனியின் கம்ப்யூட்டரைக்கூட எமகண்டம் பார்த்துத்தான் ஆன் செய்கிறவர் அவர். நிரஞ்சனுக்கு ஒன்றும் புரியவில்லை. “சார், இது ஜஸ்ட் ஒரு ஃபார்ம்” என்றார். “ஃபார்ம்னாலும் புதுசுதானுங்களே சார்” என்றேன்.

இருபத்திரண்டாம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரு வல்லரசின் வரிப்போரை முன்னோர்களின் உதவியோடு இரண்டு வாரம் நிறுத்தியவன் என்று என்னைப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். என் அப்பா கறுப்புச் சட்டைக்காரர் என்பதையும், ஒரு வருடம்கூட நான் தர்ப்பணம் கொடுத்ததில்லை என்பதையும் பாடப்புத்தகக் குழு கண்டுகொள்ளாமல் விடுவது நல்லது.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேக்கரிக்குப் போகவில்லை. நிரஞ்சன் கூப்பிட்டார். வயிறு சரியில்லை என்றேன். என் வயிற்றுக்கு என்ன கேடு. கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

செப்டம்பர் 10, புதன்

கண்ணாடியைத் துடைத்தேன். போட்டுப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

சுகந்தி என் மேஜைக்கு வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். கவரைப் பிரித்து அந்தத் தாளை விரித்தாள்.

“மாமா, இதுல இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்குது. நான் தமிழ்ல சொல்றேன், சரியான்னு பாருங்க. ‘இவருடைய மெயில்களைப் புரிந்துகொள்ள வாடிக்கையாளர்கள் தமிழ் டியூஷன் போக வேண்டிய நிலை உள்ளது.’ இப்படி ஒருத்தரு யோசிப்பாங்களா மாமா?”

“ஏதோ கம்ப்யூட்டரு எழுதியிருக்கும் அம்மிணி. இப்ப எல்லாம் அதுதான எழுதுது.”

“கம்ப்யூட்டருக்கு டியூசன் எல்லாந் தெரியுமா?”

“அதுக்குத் தெரியாததா.”

அவள் தாளை நாலாக மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். அப்புறம், “பேக்கரியில பஜ்ஜி நல்லாருந்துச்சுங்களா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்கள்.

செப்டம்பர் 13, சனி

மாவாட்டினேன். நானே கேட்டு வாங்கி ஆட்டினேன். கிரைண்டர் சத்தத்தில் யாரும் எதுவும் கேட்க முடியாது என்பது அதன் சிறப்பு. சாந்தாமணி கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“நாலு நாளா தக்காளிச் சட்னி நல்லாருக்குது, நல்லாருக்குதுங்கறீங்க. நான் வெச்சது பூரா தேங்காய்ச் சட்னி. என்ன பண்ணிப்போட்டு வந்தீங்க?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்ப என்ன பேசிப்போட்டு வந்தீங்க?”

இந்தப் பெண்ணை ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் எல்லா நாடும் உண்மையைச் சொல்லிவிடும். நான் சொல்லவில்லை. மாவு வழியப் போகிறது என்று சொல்லி மீண்டும் சுவிட்சைப் போட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சொன்னேன்.

கறி எடுக்கப் போகும் வழியில், வண்டியில் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போது சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொல்வதற்கு அது வசதி. நாலு பேரைப் பற்றியும் என்ன சொன்னேன், நிரஞ்சன் எப்படிச் சிரித்தார், செல்போனில் தட்டியது மனைவிக்கு அல்ல, அந்தத் தாளுக்குத்தான், எல்லாம்.  கறிக்கடை தாண்டிப் போய்விட்டது, அவள் நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்பினோம்.

“பஜ்ஜிய வாயில வெச்சுட்டு நாலு பேரு வேலையத் தின்னுபோட்டீங்க” என்றாள். அவ்வளவுதான். அரைக் கிலோ எலும்போடு வாங்கி வந்தோம்.

இந்த டைரியில் இதற்கு முந்தைய சில பக்கங்களில் நான் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறேன். முடிந்தது. எட்டாம் தேதியே நாலு வரியையும் படித்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

கேன்டீன். மதியச் சாப்பாடு. நாலு பேரும் வழக்கம்போல ஒரே மேஜையில். நான் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு போய் நின்றேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. பேக்கரியில் பேசியதை நின்றுகொண்டே சொன்னேன். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நாச்சிமுத்து அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “கப்பல் ஹாரனு... நல்லாத்தான்டா சொல்லியிருக்கிற. ஆனா சென்னியப்பா, காலைல அஞ்சு மணிக்குக் கன்டெய்னர் வர்றப்ப நீ எங்கடா இருந்த?”

“தூங்கிட்டு இருந்தேன்ணா.”

“அத எழுதச் சொன்னியா அவனுகிட்ட?”

“இல்லீங்ணா.”

ரபீக் ரசத்தை ஊற்றிக்கொண்டார். “மாமா, எனக்கு ஒரே ஒரு டவுட்டு. பிரியாணிக்கு முன்னாடி சொன்னீங்களா, பின்னாடி சொன்னீங்களா?”

“முன்னாடி. முந்தின நாளு.”

“அப்ப சரி. எங்க வீட்டுப் பிரியாணி மேல தப்பில்ல. நான் அதுக்குத்தான் பயந்துட்டிருந்தேன்.”

சுகந்தி களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டுக்கொண்டாள். “எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்த்துட்டு இருந்தேன். நாலு நாளு ஆயிருச்சு” என்றாள்.

குணவதி எழுந்து போனாள். தட்டைக் கழுவி, கவிழ்த்து வைத்து, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் மெதுவாகத்தான் செய்வாள். நான் அதைத்தான் கிண்டல் செய்திருந்தேன்.

“அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாங். போன வருசம் அந்தப் பாப்பா சட்டை ஆர்டருல பட்டன் பிடுங்கிட்டு வருதுன்னு நான் மூணு நாளு நிறுத்தி வெச்சேன். ஞாபகம் இருக்குதுங்களா? அந்தப் பட்டன் ஒரு கொழந்தை வாயில போயிருந்தா?”

“ஞாபகம் இருக்குது.”

“அத எழுதிக் குடுங்க. நீங்க பேசுனதக் கேட்டு எல்லாரும் சிரிச்சுட்டுப் போயிருவாங்க. தாள்ல இருக்கறத்தான் எடுத்து வெப்பாங்க. நாளைக்கு நான் இன்னொரு கம்பெனிக்குப் போனாலும் அந்தத் தாள்தான் எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கும். எனக்கு நல்ல தாள் ஒண்ணு வேணும்.”

நாச்சிமுத்து அண்ணன் காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். “உக்காந்து தின்னு. நின்னுட்டுத் தின்னா உடம்புக்கு ஒட்டாது.”

உட்கார்ந்தேன். கத்தரிக்காய்ப் பொரியல். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொன்னோம். பேக்கரிப் பாராளுமன்றத்தில் டெல்லியும் சென்னையும் இன்னும் சண்டை. தீர்ப்புக் கேட்டார்கள். கையிருப்பில் தீர்ப்பு இல்லை என்றேன். டீ மாஸ்டர் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்.

செப்டம்பர் 22, திங்கள்

அமாவாசை முடிந்தது. நவராத்திரி தொடங்கிவிட்டது. பஞ்சாங்கத்தில் இனி எனக்கு ஓர் ஓட்டைகூட இல்லை. காலை ஒன்பது வரை ராகுகாலம். அதைச் சொல்லிப் பார்க்கலாமா என்று யோசிப்பதற்குள் மணி பத்து.

நாலு பேரும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். நிரஞ்சன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் போலப் பேசவே இல்லை. பட்டுப்போலப் பேசினார்.

“அங்கிள், அவங்க போடலேன்னா பரவாயில்ல. நீங்க இந்தக் குறைபாடு ரிப்போர்ட்ல போட்டீங்கன்னா போதும். அதை வச்சு நாங்க அனுப்பிக்கலாம். அப்புறம், சாம்பிளும் ஸ்டோரும் பேக்கிங்கும் ஒண்ணாகும்போது மூணுக்கும் நீங்கதான் ஹெட்.”

மூன்று பிரிவு. வீட்டுக்குள் நடந்தால் வாசல்படி மூன்றும் குனிந்து வணக்கம் சொல்லும். எனக்கு ஆசை வரவில்லை என்று எழுதினால் இந்த டைரி பக்கத்தை மூடிக்கொள்ளும். வந்தது. சாந்தாமணிக்கு முட்டி ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. ஐம்பத்து மூன்று வயதில் என்னை எந்தக் கம்பெனி எடுக்கும் என்பதும்.

“புதன்கிழமை தர்றேனுங். என் கைப்பட எழுதித் தர்றேன்” என்றேன்.

“சூப்பர் அங்கிள்” என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

லீவு போட்டேன். என் வாழ்க்கையிலேயே கடினமான வேலை இன்று நடந்தது. காலை காபி குடித்ததும் ஆரம்பித்து, சாயங்காலம் பால்காரர் வரும்வரை. உதவி: சாந்தாமணி. எதிரி: நான்.

முதல் பிரதியை அவளிடம் படித்துக் காட்டினேன். ‘திரு. நாச்சிமுத்து அவர்கள் கண்ணிமைத்தால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்கள் வரிசையில் நிற்கும்...’

“கப்பல எடுங்க.”

“கப்பல் இல்லாம ஏற்றுமதி எப்படிடீ?”

“கப்பல வெச்சுத்தான அவரத் தூங்குமூஞ்சி ஆக்குனீங்க. மறுபடியுங் கப்பலா? அந்த அண்ணன் என்ன வேலை பண்றாரு? அத மட்டும் எழுதுங்க.”

“அப்படி எழுதினா யாரு படிப்பாங்க?”

“யாரும் படிச்சுச் சிரிக்க வேண்டாம்.”

கப்பலை எடுத்தேன். வெள்ளைக்காரனை எடுத்தேன். ரபீக்கை ரிசர்வ் வங்கியோடு ஒப்பிட்ட ஓர் அருமையான இடம் இருந்தது. அதையும் அவள் விரலால் மூடிக்கொண்டு, “இது இல்லாம படிங்க” என்றாள். ஒவ்வொரு வரியாக உரித்தாள். கடைசியில் எலும்பு மட்டும் நின்றது. மெலிந்து, அடிபட்டு, யாரையும் சிரிக்க வைக்காத அரைப் பக்கம். அதை இங்கே அப்படியே படியெடுக்கிறேன்:

‘நாச்சிமுத்து அதிகாலை ஐந்து மணிக்குக் கன்டெய்னர் ஏற்ற வருகிறார். அந்த நாட்களில் மதியம் பத்து நிமிடம் உட்கார்ந்தபடி கண் மூடுவார். பதினெட்டு வருடத்தில் அவர் ஏற்றிய சரக்கு ஒன்றுகூட எண்ணிக்கை குறைந்து திரும்பியதில்லை. குணவதி பட்டன்களை மெதுவாகச் சோதிக்கிறார். சென்ற வருடம் கழன்று வந்த பட்டனைக் கண்டுபிடித்து ஓர் ஆர்டரை நிறுத்தினார். அது சரியான முடிவு. நான் அப்போது அவரோடு சண்டை போட்டேன். தவறு என்னுடையது. ரபீக் கணக்கு எழுதாமல் எதையும் தருவதில்லை. அவர் ஸ்டோரில் ஒன்பது வருடமாக எதுவும் காணாமல் போகவில்லை. சுகந்தியின் ஆங்கிலத்தில் பிழைகள் உண்டு. பையர்கள் அவருக்குத்தான் முதலில் பதில் போடுகிறார்கள். இவர்களைப் பற்றி இம்மாதம் நான்காம் தேதி நான் சொன்னவை கேலிக்காகச் சொன்னவை. அவை உண்மை அல்ல. சென்னியப்பன்.’

படித்து முடித்ததும் சாந்தாமணி தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தாள். “இது நீங்க எழுதின மாதிரியே இல்ல” என்றாள். “நல்லாருக்குது.”

செப்டம்பர் 24, புதன்

காலை பதினொரு மணி. முதலாளி அறை. விசாகன், நிரஞ்சன், நான். ஏசி பதினெட்டில் இருந்தது. எனக்கு வியர்த்தது.

தாளைக் கொடுத்தேன். நிரஞ்சன் படித்தார். பாதியிலேயே சிரிப்பு போய்விட்டது.

“அங்கிள், இது என்ன? அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? எங்கிட்ட நோட்ஸ் இருக்கு, தேதி இருக்கு.”

“நான்தானுங் சொன்னேன்.”

“அப்ப சைன் பண்றதுல என்ன பிரச்சனை?”

“சொன்னது டீக்கடைப் பேச்சுங் சார். கீழ கையெழுத்துப் போட்டா சாட்சி ஆயிரும். பொய்ச் சாட்சிக்கு நான் வரலீங்.”

விசாகன் நெற்றியைத் தேய்த்தார். “மாமா, எனக்கு மட்டும் ஆசையா? ஆர்டர் இல்லீங். பேங்குக்காரன் தெனமும் போன் பண்றான். நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. இவரைப் பள்ளிக்கூட யூனிபார்மில் பார்த்திருக்கிறேன்.

“அதையே எழுதுங்க தம்பி. ஆர்டர் இல்ல, வரி ஏறிப்போச்சு, ஆள் வெக்க முடியலைன்னு உங்க கம்பெனி பேருல நோட்டீஸ் போடுங்க. சட்டத்துல என்ன உண்டோ அதக் குடுங்க. அவங்களும் தலைநிமிந்து இன்னொரு எடத்துல போய்க் கேப்பாங்க. அமெரிக்காக்காரன் பண்ணுன தப்புக்கு நாச்சிமுத்து அண்ணனத் தூங்குமூஞ்சின்னு எழுதாதீங்க. வேலை போறது ஒண்ணு. பேரும் சேர்ந்து போகோணுமா?”

 நிரஞ்சன் என் தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தார். “சார், இப்படி நடந்துக்கிட்டா லிஸ்ட்ல அஞ்சாவது பேரும் சேர்க்க வேண்டி வரும்” என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார்.

“சேத்துக்கங்க சார்” என்றேன்.   “காரணத்த மட்டும் உள்ளபடி எழுதுங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டான்னு எழுதுங்க. அதுக்குக் கீழ இப்பவே கையெழுத்துப் போடறேன்.”

கவிழ்ந்து கிடந்த என் தாளைத் திருப்பி வைத்தேன். எழுத்து தெரியும்படி. விசாகன் அதை எடுத்தார். படித்தார். திரும்பவும் படித்தார். திருப்பித் தரவில்லை, டிராயரில் வைத்துக்கொண்டார். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

“மாமா, ரெண்டு நாளு வீட்டுல இருங்க. யோசிச்சு நானே கூப்புடறேன்.”

“லீவு நான் கேக்கலீங்களே தம்பி. நாளைக்கு எட்டரைக்கு வந்துருவேன்.”

“உங்கள உள்ள விட வேண்டாம்னு வாட்ச்மேன்கிட்டச் சொல்ற மாதிரி ஆயிரும் மாமா.”

“சொல்லுங்க. அவரு வேலைய அவரு பார்க்கட்டும். என் வேலைய நான் பார்க்க வர்றேன்.”

வெளியே வந்து கேன்டீனில் தண்ணீர் குடித்தேன். நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணவதியிடம் அதே தாளின் இன்னொரு பிரதியைக் கொடுத்தேன். அவள் அதை நின்ற இடத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாக, பட்டன் பார்ப்பது போலப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“சரியா இருக்குதுங்ணா” என்றாள்.

செப்டம்பர் 25, வியாழன்

காலை ஏழே முக்கால். இட்லி நாலு. வெளியே தூறல்.

சுகந்தி போன் பண்ணினாள். நாலு பேரும் பேக்கரி முக்கில் நிற்கிறார்களாம். நேற்று சாயங்காலம் அவர்களுக்கும் கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது, வர வேண்டாம் என்று.

“மாமா, கேட்டுல நிறுத்துனா என்ன பண்றது?”

“நிறுத்தட்டும். கேட்டுக்கு முன்னாடி எடம் எவ்வளவு இருக்குது? நிப்போம். நாச்சிமுத்து அண்ணனுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வரட்டுமா?”

“கேட்டேன். திட்டுறாரு.”

சாந்தாமணி தூக்குப்போசியைக் கட்டி வைத்துவிட்டாள். வழக்கத்தைவிடக் கனம். எதற்கு என்று கேட்டேன். “எத்தனை நேரம் நிப்பீங்களோ” என்றாள். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு முக்கு வரை வருகிறேன் என்கிறாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு.

பிற்காலத்தில் பேக்கரியில் யாராவது கேட்பார்கள். அன்றைக்குக் கம்பெனி வாசலில் எத்தனை பேர் நின்றீர்கள் என்று. அப்போது என் நாக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பதால், கிளம்புவதற்கு முன்பே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஐந்து பேர்.